ஹட் பேயில் சுழலும் டீசல்

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் ஒரு ஃபேன் சுற்ற வேண்டுமானால், முதலில் கப்பல் வர வேண்டும். அந்தமானுக்கு நாட்டின் மின்தொகுப்போடு இணைப்பு இல்லை. இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேருக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இந்த ஊர், கடல்வழி வரும் டீசலைப் பெரிதும் நம்பித்தான் மின்சாரம் காண்கிறது. ஆண்டு முழுக்கப் புழுக்கம் என்பதால் ஃபேனுக்கும் ஓய்வில்லை.

சாதாரண சீலிங் ஃபேன் முழுவேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். ஏறத்தாழ அதே அளவு காற்றை 28 முதல் 35 வாட்டிலேயே தருகிறது பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டார்) ஃபேன். எப்படி?

பழைய ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். நடுவே அசையாமல் நிற்கும் காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தப்புலம் ஒன்று சுழலத் தொடங்கும். வெளியே சுற்றும் சுழலியில் காந்தம் கிடையாது. அந்தப் புலம்தான் அதில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைக் காந்தமாக்க வேண்டும். சுழலி புலத்தைவிடப் பின்தங்கி ஓடினால்தான் இந்தத் தூண்டல் நடக்கும். இந்த ஏற்பாட்டில் கணிசமான மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. வெகுநேரம் ஓடிய ஃபேனின் நடுப்பகுதி சுடுவது அதனால்தான்.

பிஎல்டிசி மோட்டாரில் சுழலியிலேயே நிரந்தரக் காந்தம் பதித்திருப்பார்கள். எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் தருவது என்பதை ஒரு சின்ன எலக்ட்ரானிக் பலகை முடிவு செய்யும். ஊஞ்சலைச் சரியான நொடியில் தள்ளுகிறவருக்குக் கை வலிக்காது அல்லவா, அதே கணக்கு.

ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும் ஃபேனில் 45 வாட் மிச்சமானால், ஆண்டுக்கு சுமார் 164 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் மூன்றரை யூனிட் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே ஃபேனில் ஆண்டுக்கு 47 லிட்டர் டீசல் மிச்சம். அந்த அளவுக்குக் கப்பலில் ஏற்றி இறக்கும் சுமையும் குறையும்.

மோட்டாருக்குப் பேர்போன கோயம்புத்தூரில், வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 35 வாட் பிஎல்டிசி ஃபேனான ‘சூப்பர்ஃபேன்’ஐ 2012இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலையையும் ஆய்வகத்தையும் இணைக்கச் சென்னையில் ஐஐடி மெட்ராஸின் ஆராய்ச்சிப் பூங்கா 2010 முதல் இயங்குகிறது. அங்கே இடம் பிடிக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து ஆராய்ச்சி செய்து மதிப்பெண்ணும் ஈட்ட வேண்டும்.

பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு அந்த ஐஐடியில் வளர்த்தெடுத்ததே ‘சோலார் டிசி’ முறை. சோலார் பலகை தருவது நேர்மின்சாரம். பேட்டரி சேமிப்பதும் பிஎல்டிசி ஃபேனுக்குத் தேவைப்படுவதும் அதுவே. நடுவில் இன்வெர்ட்டரை வைத்து மாறுமின்சாரமாக்கி, ஃபேனுக்குள் மறுபடி நேராக்கினால் ஒவ்வொரு மாற்றத்திலும் இழப்பு. அதைத் தவிர்க்க வீட்டுக்குள்ளேயே 48 வோல்ட் நேர்மின் கம்பி இழுத்தார்கள். அந்த ஐஐடியில் உருப்பெற்ற சிக்னி நிறுவனத்தோடு சேர்ந்து, ராஜஸ்தான் பாலைவனத்தில் மின்கம்பம் எட்டாத சுமார் 4,000 வீடுகளுக்கு இந்த முறையில் வெளிச்சமும் காற்றும் கொடுத்தார்கள்.

பாலைவனத்தில் தேறியது தீவிலும் அப்படியே தேறிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஹட் பேயின் உப்புக்காற்று எலக்ட்ரானிக் பலகையை அரிக்கும். பழைய மோட்டாரின் காயில் கருகினால் உள்ளூர் எலக்ட்ரீஷியனே மறுபடி சுற்றித் தருவார். பலகை போனால் மாற்றுப் பலகை கடல் தாண்டி வர வேண்டும். விலையும் கூடுதல்.

2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்பதை அது சொல்லும். கடலோரத்தில் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சொல்லாது. ஈரமும் உப்பும் புகாதபடி பலகையை மூடுவதும், கழற்றி மாட்ட எளிதாக்குவதும் ஆய்வகமும் தொழிற்சாலையும் கூடிச் செய்ய வேண்டிய அடுத்த வேலை. அதற்குச் சோதனைக்களம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னையில் வீசுவதும் உப்புக்காற்றுதான்.