மர்மப் படத்தில் செத்தவர் பெயர் என்ன?

பெருமாட்டி:

மர்மப் படம் பார்ப்பதில் எல்லைப் பகுதித் தமிழருக்கு இரட்டை யோகம். மீனாட்சிபுரத்துக்கு இந்தப் பக்கம் மலையாளப் படம். கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் தமிழ்ப் படம். இப்போது பஸ் ஏறவும் வேண்டாம். இரண்டும் கைபேசியில் வீடு தேடி வந்துவிடுகின்றன. மாந்தோப்புக் காவலுக்குப் போகிறவரும், கஞ்சிக்கோட்டில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவரும் எட்டுப் பகுதித் தொடரை இரண்டே ராத்திரியில் பார்த்து முடித்து, மறுநாள் டீக்கடையில் வழக்கு நடத்துகிறார்கள்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பகலில் ரெயில்வே பேரேடு. இரவில் துப்பறியும் படம். பார்த்த படங்களை எடைபோட ஒரு கல் வைத்திருக்கிறேன். கொன்றவன் யார் என்று எல்லா மர்மப் படமும் கேட்கும். செத்தவர் யார் என்று கேட்கிற படமே எனக்கு நல்ல படம். இது ஒரு ரசிகனின் சொந்த அபிப்பிராயம். மறுக்க வாசகர்களுக்கு உரிமை உண்டு. எந்தப் படத்தின் முடிச்சையும் இங்கே அவிழ்க்கப் போவதில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

பாட்டில்லாத படம்

தமிழ் மர்மப் படத்துக்குத் தாத்தா என்று ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' படத்தைச் சொல்லலாம். வெளிவந்த ஆண்டு 1954. இயக்கியவர், பின்னாளில் வீணையால் உலகப் புகழ் பெற்ற எஸ்.பாலசந்தர். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய துணிச்சல், கதாநாயகன் சிவாஜி கணேசன் படம் தொடங்கிய உடனே சுடப்பட்டு இறப்பது! 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய சமயத்தில் கதை நடக்கிறது. செத்தவர் ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர். ரகசியப் போலீஸ் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஆளுக்கொரு ராஜனைக் காட்டுகிறார்கள். ஒருவர் சொன்னதில் நல்லவன். இன்னொருவர் சொன்னதில் மோசக்காரன். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) தந்த வழி அது. துப்பாக்கியை இயக்கிய கை எது என்று தெரிவதற்குள், ராஜன் எப்படிப்பட்ட மனிதன் என்பதை நாம் முழுக்கத் தெரிந்துகொள்கிறோம்.

கொலைகாரனுக்கு மட்டும் பிளாஷ்பேக்

அந்தப் பாதை பிறகு திசை மாறியது. 1978-ல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்', 1980-ல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. இரண்டும் கெட்டிக்காரத்தனமாக எடுத்த படங்கள். இளையராஜாவின் இசை இன்றும் முதுகில் சில்லிட வைக்கும். அதில் எனக்குத் தகராறு இல்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். கொலைகாரனுக்கு இளம்வயதுக் கதை உண்டு. அவன் ஏன் இப்படி ஆனான், யார் அவனைக் கெடுத்தது என்று விஸ்தாரமாகச் சொல்கிறார்கள். அவன் கையில் செத்த பெண்களுக்கு அப்பா யார், அம்மா யார், ஊர் எது என்ற ஒரு வரி கிடையாது. வருகிறார்கள், கத்துகிறார்கள், போகிறார்கள். பேரேட்டில் பற்று எழுதி வரவு எழுதாமல் விட்டால் எந்த மேலதிகாரி ஒப்புக்கொள்வார்?

2018-ல் வந்த 'ராட்சசன்' படத்திலும் எனக்கு இதே குறைதான். ராம்குமார் இயக்கத்தில் விஷ்ணு விஷால் நடித்தது. சினிமா டைரக்டராக ஆசைப்பட்டு, தொடர் கொலைகளைப் பற்றிச் செய்தித் துணுக்குகள் சேர்த்தவன், பிழைப்புக்காகப் போலீஸ் வேலைக்குப் போகிறான் என்பது அருமையான தொடக்கம். நகம் கடிக்காமல் பார்க்க முடியாது. ஆனாலும் அதில் செத்த பள்ளிச் சிறுமிகளில் இன்றும் நம் மனதில் நிற்பவள் யார்? கதாநாயகனின் அக்காள் மகள் ஒருத்திதான். காரணம், அவள் வீட்டுக்குள் நாமும் போய் வந்திருக்கிறோம். மற்றக் குழந்தைகளுக்கும் வீடு இருந்திருக்குமே!

மலையாளக் கரை

இந்த விஷயத்தில் மலையாளப் படங்கள் நிதானமானவை என்பது என் கட்சி. 1982-ல் கே.ஜி.ஜார்ஜ் எடுத்த 'யவனிகா'வைப் பாருங்கள். ஒரு நாடகக் குழுவின் தபலாக்காரர் அய்யப்பன் காணாமல் போகிறார். பரத் கோபி நடித்த வேடம். விசாரிக்க விசாரிக்க அவர் குடிகாரர், பெண்களைப் பாழாக்கியவர் என்று தெரிகிறது. "இந்த ஆள் தொலைந்தால் நல்லதுதானே" என்று நமக்கே தோன்றும். இன்ஸ்பெக்டராக வரும் மம்மூட்டி அப்படி நினைப்பதில்லை. கெட்டவன் கதி என்ன ஆயிற்று என்பதற்கும் சட்டம் பதில் சொல்லியாக வேண்டும் என்று விடாமல் தேடுகிறார்.

அடுத்து நம் சேதுராம ஐயர்! 1988-ல் கே.மது இயக்கி, எஸ்.என்.சுவாமி எழுதிய 'ஒரு சி.பி.ஐ. டைரிக்குறிப்பு' படத்தில் மம்மூட்டி ஏற்ற பாத்திரம். நெற்றியில் பொட்டு, பின்னால் கட்டிய கைகள், கூர்ந்த பார்வை. பாலக்காட்டு அக்ரகாரத்தில் எதிரே வந்தால் "சுகமா?" என்று கேட்டுவிடலாம் போன்ற முகம். 1989, 2004, 2005, 2022 என்று அதே ஐயர் மேலும் நான்கு படங்களில் வந்துவிட்டார்.

முதல் படத்தில் ஒரு வீட்டு மருமகள் மாடியிலிருந்து விழுந்து செத்துக் கிடக்கிறாள். தற்கொலை என்று கோப்பு மூடப்படுகிறது. ஐயர் வந்து, ஆள் எடைக்கு ஒரு பொம்மை செய்து மாடியிலிருந்து விழவைத்துப் பார்க்கிறார். தானாகக் குதித்தால் எங்கே விழும், பிறர் தூக்கிப் போட்டால் எங்கே விழும் என்று அளக்கிறார். துப்பாக்கிச் சண்டை தராத படபடப்பை அந்தப் பொம்மை தந்தது. செத்தவளால் பேச முடியாது. அவளுக்காக அந்தப் பொம்மை சாட்சி சொல்கிறது.

சினிமா பார்த்தே படித்தவன்

இடுக்கி எஸ்டேட் தமிழர்களுக்கு 'திருசியம்' பற்றி நான் சொல்ல வேண்டாம். 2013-ல் ஜீத்து ஜோசப் இயக்கி, மோகன்லால் நடித்த படம். கதை நடப்பது அவர்கள் அறிந்த ராஜாக்காட்டில். நாலாம் வகுப்போடு நின்ற கேபிள் டி.வி.க்காரர் ஜார்ஜ்குட்டி, ராத்திரி பூராவும் சினிமா பார்த்தே உலக ஞானம் பெற்றவர். நம் இனத்தவர்! பஸ் டிக்கெட், ஓட்டல் பில், சினிமா டிக்கெட் என்று துண்டுக் காகிதங்களை வைத்தே போலீசைத் திணற அடிக்கிறார். டிக்கெட்டோடு காலம் தள்ளும் எனக்கு அந்தக் காட்சிகளில் கூடுதல் ருசி.

இது 2015-ல் கமல்ஹாசனோடு 'பாபநாசம்' ஆயிற்று. கன்னடம், தெலுங்கு, இந்தி, சிங்களம், சீனம் என்று மேலும் பல மொழிகளுக்குப் போனது. தந்திரம் மட்டும்தான் காரணம் என்றால் நான் ஒப்பமாட்டேன். செத்த பையன் செய்தது மகா தப்பு. யாரும் அவனுக்காக அழமாட்டார்கள். ஆனால் கடைசியில் அவனைப் பெற்றவர்கள் வந்து நிற்கிறார்கள். காக்கி உடுப்பில் மிரட்டிய அந்த அம்மாள் அங்கே வெறும் தாயாக நிற்கிறாள். அதுவரை கைதட்டிய ரசிகன் அந்த இடத்தில் வாயடைத்துப் போகிறான்.

தொடர்கள் எப்படி?

"செத்தவரையே பேசிக்கொண்டிருந்தால் அது அழுகைப் படம் ஆகிவிடாதா, சார்?" என்று உடன் வேலை செய்யும் நண்பர் கேட்டார். இல்லை என்பதற்கு 2023-ல் வந்த 'கேரளா கிரைம் பைல்ஸ்' மலையாளத் தொடர் சாட்சி. ஆறே பகுதி. ஒரு லாட்ஜில் பாலியல் தொழில் செய்து பிழைத்த பெண் கொல்லப்படுகிறாள். துப்பு என்று கிடைப்பது லாட்ஜ் பதிவேட்டில் எழுதிய ஒரு பெயரும் பொய் விலாசமும்தான். கேட்க நாதியில்லாத பெண்தானே என்று தட்டிக் கழிக்காமல், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்டேஷனே அலைகிறது. எங்கும் அழுகை இல்லை, விறுவிறுப்பும் குறையவில்லை.

தமிழிலும் 2022-ல் இரண்டு நல்ல தொடர்கள் வந்தன. மயானக் கொள்ளைத் திருவிழாவின் நடுவே ஒரு பெண் காணாமல் போவதைச் சொன்ன 'சுழல்' ஒன்று. தொழிற்சங்கத் தலைவராக, தகப்பனாகப் பார்த்திபன் நடித்ததைத் தொழிலாளத் தோழர்கள் அவசியம் பார்க்க வேண்டும். மற்றொன்று 'வதந்தி'. வெலோனி என்ற இளம்பெண்ணின் கொலையை எஸ்.ஜே.சூர்யா விசாரிக்கிறார். செத்த பெண்ணைப் பற்றி ஊரும் பத்திரிகையும் ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவதுதான் தொடரின் பொருளே. எட்டுப் பகுதியில் பாதியிலேயே என் முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

வாளையாறு நினைவு

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நம் எல்லையிலேயே, வாளையாறு அட்டப்பள்ளத்தில், 2017 ஜனவரியில் 13 வயதுச் சிறுமியும் மார்ச்சில் அவளுடைய 9 வயதுத் தங்கையும் தூக்கில் பிணமாகக் கிடந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2019-ல் விடுதலையாக, அதை 2021 ஜனவரியில் கேரள ஐகோர்ட்டு ரத்து செய்தது. பிறகு சி.பி.ஐ. வந்தது. சேதுராம ஐயர் படம்போல இரண்டரை மணி நேரத்தில் எதுவும் முடியவில்லை. டீக்கடைகளில் "யார் செய்திருப்பார்கள்?" என்று மர்மப் படம்போலவே பேசினார்கள். அந்தக் குழந்தைகள் எந்த வகுப்பில் படித்தார்கள், என்ன ஆசைப்பட்டார்கள் என்று கேட்டவர் சிலரே.

சினிமா பார்க்கும் கண்ணோடுதான் நாம் பத்திரிகையும் படிக்கிறோம். பிணத்தைத் துப்பு என்று மட்டும் பார்க்கப் பழகிய கண், பக்கத்து வீட்டுச் சாவையும் அப்படியே பார்க்கும்.

ஆகவே ரசிகப் பெருமக்களுக்கு ஒரு யோசனை. அடுத்த மர்மப் படம் முடிந்ததும், கொன்றவன் எப்படி மாட்டினான் என்று பேசத் தொடங்குமுன், கூட உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளிடம் "செத்தவர் பெயர் என்ன?" என்று கேளுங்கள். பட்டென்று பதில் வந்தால் அந்தப் படத்தை நாலு பேருக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். முடிவை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்!