வளைவுக்கு அப்பாலும் கேட்கிற ஹாரன்

கரும்பு அரவைப் பருவத்தில் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டரை பைக்கில் முந்த முயன்றவர்களுக்குத் தெரியும், முன்னால் ஓட்டுபவர் காதில் நம் ஹாரன் விழவே விழாது. அவர் எதிரே இன்ஜின் இரைச்சல், முதுகுக்குப் பின்னே ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏறினால் கொண்டை ஊசி வளைவுகள். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிக்கு நாம் வருவதை ஹாரன்தான் சொல்லியாக வேண்டும். சத்தமான ஹாரன் இங்கே ஆடம்பரமே அல்ல.

கடைக்குப் போகும் முன் இருக்கிற ஹாரனைப் பாருங்கள். உள்ளே ஒரு மின்காந்தம், அதன் முன் மெல்லிய எஃகுத் தகடு. பட்டனை அழுத்தினால் காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்த வேகத்தில் பாயின்ட் எனும் தொடுமுனை விலகி மின்சாரம் அறும், தகடு திரும்பும், பாயின்ட் மறுபடி ஒட்டும். நொடிக்குச் சுமார் 400 தடவை இது நடக்கிறது. பாயின்ட் தேயத் தேயக் குரல் கம்மும். பல ஹாரன்களில் பின்பக்கம் இதற்கென ஒரு சிறு திருகு உண்டு. விட்டு விட்டு பட்டனை அழுத்தியபடி அதை இம்மியளவு இப்படியும் அப்படியும் திருப்பினால், கரகரப்பு போய்க் கணீரென்று ஒலிக்கும் இடம் பிடிபடும். காசு செலவில்லை.

அதற்கும் மசியாவிட்டால் வயரைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் சாவி, பட்டன், மெல்லிய வயர் எல்லாம் தாண்டி ஹாரனுக்கு 10 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால், திறனில் ஏறக்குறைய 30 சதவீதம் வழியிலேயே போய்விட்டது. இதற்கு மருந்து ரிலே என்ற மின்காந்த சுவிட்ச். பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு வயர்களையும் ரிலேயின் 85, 86 முனைகளில் மாட்டுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் 30-க்கு, 87-லிருந்து ஹாரனுக்கு, ஹாரனின் மறுமுனை பேட்டரி மைனஸுக்கு. இனி பட்டன் வழியாகப் போவது ரிலேயை இயக்கும் சொற்ப மின்சாரம் மட்டுமே. ஹாரனுக்கு முழு வோல்ட் கிடைக்கும். என்னைக் கேட்டால், புது ஹாரனைவிட முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

பிறகும் போதவில்லையானால் கார் ஹாரன். கோயம்புத்தூர் ரூட்ஸ் போன்ற நிறுவனங்களின் நத்தை வடிவ ஹாரன்கள் எங்கும் கிடைக்கின்றன. ஒன்று 4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 100 சிசி வண்டியின் சிறிய பேட்டரிக்கு ஒன்றே போதும். ஒரே மாதிரி இரண்டு மாட்டினாலும் கூடுவது வெறும் 3 டெசிபல். ஒன்றுதான் வாங்குவது என்றால் தடித்த குரல் உள்ளதை எடுங்கள். கீச்சுக் குரலைவிட அது வளைவைச் சுற்றி நன்றாக வரும்.

ஏர் ஹாரனும் பல சுரத்தில் பாடும் ஹாரனும் வேண்டவே வேண்டாம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 119-ஆம் விதியில், மாறி மாறி ஒலிப்பதையும் காதைக் கிழிப்பதையும் தடுக்கின்றன. தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலே முதல் தடவை 1,000 ரூபாய் அபராதம்.

மாட்டும்போது ஹாரனோடு வரும் வளையும் பட்டையை விட்டுவிட்டு நேரே சேஸில் முடுக்காதீர்கள், அதிர்வு அடங்கிச் சத்தம் செத்துவிடும். நத்தை ஹாரனின் வாய் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் தேங்காது. போல்ட்டை இறுக்கும் முன் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஃபோர்க் எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.