றோட்டரி மாணவர் பரிமாற்றம்: பெற்றோர் அறியவேண்டியவை

"பிள்ளையை இலவசமாக வெளிநாட்டில் படிப்பிக்கிறார்களாமே?" என்று மருதமுனைப் பக்கம் இடம்பெயர்ந்து வாழும் பெற்றோர் எம்மிடம் கேட்பதுண்டு. பாதி உண்மை.

றோட்டரிக் கழகம் இலங்கையில் 1929 முதல் இயங்குகிறது. அதன் பரிமாற்றத் திட்டத்தில் 15 முதல் 19 வயது வரையான மாணவர் ஏறக்குறைய ஒரு பாடசாலை ஆண்டைப் பிறநாட்டுக் குடும்பங்களுடன் கழிக்கின்றனர். உணவுக்கும் உறைவிடத்துக்கும் அக்குடும்பங்கள் பணம் பெறுவதில்லை. ஆனால் விமானச்சீட்டு, காப்புறுதி, விசாச் செலவு வழமையாகப் பெற்றோருடையவை. வயலை இழந்த குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. தவணை முடிந்ததும் பிள்ளை திரும்பிவிட வேண்டும். வேலைக்கோ குடியேற்றத்துக்கோ இது வழியன்று. விண்ணப்பமும் உள்ளூர் றோட்டரிக் கழகம் ஊடாகவே செல்லும். ஆகவே, இடம் எடுத்துத் தருவதாக முற்பணம் கேட்கும் முகவருக்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, 1962இல் தொடங்கிய இன்டரக்ட் கழகம். 12 முதல் 18 வயது வரையான மாணவருக்குரியது. றோட்டரிக் கழகமொன்றின் அனுசரணையுடன் பாடசாலையிலேயே அமைக்கலாம். ஊருக்கொரு சேவையும் பிற நாட்டவரை விளங்கிக்கொள்ள ஒரு முயற்சியும் ஆண்டுதோறும் செய்வார்கள். எம்மைக் கேட்டால், மருதமுனைப் பிள்ளையும் பாண்டிருப்புப் பிள்ளையும் விடுமுறையில் ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிட்டுப் பழகுவதும் பரிமாற்றமே. அதற்கு விசா வேண்டாம்.

உங்கள் பாடசாலையில் இக்கழகம் உண்டா என்று அதிபரிடம் விசாரியுங்கள். இல்லையெனில் பெற்றோர் சிலர் சேர்ந்து கோரிக்கைக் கடிதம் கொடுக்கலாம்.