காய்கறி: வைக்கும்போது ஈரம் வேண்டாம், நறுக்கும்முன் கழுவ வேண்டும்



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்த பிறகு ஒரு அக்கா வருத்தப்பட்டார். "ஞாயித்துக்கிழமை சந்தையில ஒரு வாரத்துக்குக் காய் வாங்குறேன். புதன்கிழமைக்குள்ள நாப்பது ரூபா காய் அழுகி மாட்டுக்குத்தான் போகுது" என்றார். விசாரித்துப் பார்த்தால், சந்தையிலிருந்து வந்ததும் எல்லாக் காயையும் கழுவி, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கிறார். சுத்தம் என்று நினைத்துத்தான் செய்தார். ஆனால் அந்த ஈரம்தான் காயை அழுக வைக்கிறது.

வாரம் 40 ரூபாய் என்றால் வருடத்துக்கு 2,080 ரூபாய். மாதம் 100 ரூபாய் சேமிக்கும் உறுப்பினர் ஒரு வருடத்தில் சேர்ப்பதே 1,200 ரூபாய்தான்!

வைப்பது எப்படி?

* வாங்கி வந்ததும் காயைப் பிரித்துப் பாருங்கள். அடிபட்டதையும் கீறல் விழுந்ததையும் அன்றே சமைத்துவிடுங்கள். அழுகல் தக்காளி ஒன்று இருந்தால் கூடையே கெட்டுவிடும்.
* வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தனித்தனியாக, காற்றோட்டமாகப் பரப்புங்கள். உருளைக்கிழங்கின் மேல் வெளிச்சம் படக்கூடாது. பட்டால் பச்சையாகி நஞ்சு உண்டாகும். வேகவைத்தாலும் அது போகாது. அதை மாட்டுக்கும் போட வேண்டாம்.
* பழுத்த வாழைப்பழத்தின் பக்கத்தில் கீரை, காய் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும்.
* கீரை, கொத்தமல்லியை வேர் மட்டும் தண்ணீரில் நனையும்படி நிறுத்தி வையுங்கள். இலை நனைய வேண்டாம்.
* ஃப்ரிட்ஜ் இல்லையா? பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனையுங்கள். உள்பானையில் காயைப் போட்டு ஈரச் சாக்கால் மூடி, நிழலில் வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சியாகும். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செங்கலும் மணலும் வைத்து உருவாக்கிய குளிர் அறையும் இப்படித்தான் வேலை செய்கிறது. கோடையில் நல்ல பலன் கிடைக்கும். மழைக்காலத்தில் அவ்வளவு இருக்காது.

கழுவுவது எப்படி?

* முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்க்குச் சோப்போ சோப்புத்தூளோ வேண்டாம். நல்ல தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்தாலே போதும்.
* நறுக்கும் முன்பே கழுவுங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும்.
* கீரையை அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையை மேலே தூக்கி எடுங்கள். அப்படியே சாய்த்து வடித்தால் அடியில் இறங்கிய மண் திரும்பக் கீரையில் ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தின் அடியில் மண் தங்காத வரை தண்ணீரை மாற்றி அலசுங்கள்.
* கொய்யா, வெள்ளரி, கேரட் போலப் பச்சையாகத் தின்பதைக் கடைசியாகக் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவுங்கள். முந்தானையில துடைச்சுட்டுக் குழந்தை கையில கொடுத்துடாதீங்க. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி கண்ணுக்குத் தெரியாது.

அந்த அக்கா இப்போது காயைக் கழுவாமல் முறத்தில் பரப்பி வைக்கிறார். நீங்களும் இந்த வாரம் எவ்வளவு காய் வீணானது என்று எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் கணக்குப் பார்ப்போம். மிச்சமாகும் பணம் உங்கள் சேமிப்பில் சேரட்டும்!