சுரமானி முதல் பேஸ் கிட்டார் வரை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கச்சேரி கேட்டுவிட்டு வருபவரிடம் என்ன பிடித்திருந்தது என்று கேளுங்கள். குரல் என்பார்; புல்லாங்குழல் என்பார்; தபேலா என்பார். பேஸ் கிட்டார் பிடித்திருந்தது என்று சொல்பவரைக் காண்பது அரிது. ஆனால் அதே பாட்டிலிருந்து பேஸை மட்டும் நிறுத்திவிட்டால், 'என்னவோ குறைகிறதே' என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டைப் பார்ப்பவர் அஸ்திவாரத்தைப் பார்ப்பதில்லை. ஆயினும் வீடு நிற்பது அதன்மேல்தான்.

பரமத்தி வேலூர்ப் பக்கம் மாரியம்மன் நோம்பி வந்தால் மெல்லிசைக் கச்சேரியும் கூடவே வரும். விடுமுறை நாட்களில் அத்தகைய குழு ஒன்றில் நான் பேஸ் வாசிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, கவுளி கட்டி, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய கருவி என்னுடையது. ஆகவே, 'எதற்கு முதலில் பணம் போடுவது?' என்பது என்னைப் பொறுத்தவரை பொழுதுபோக்குக் கேள்வி அன்று. இன்னொன்றும் உண்டு. பல குழுக்களில் இப்போது கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையே பேஸையும் பார்த்துக்கொள்கிறது. ஓர் ஆள் சம்பளம் மிச்சம். தன் நாற்காலி நிலைக்க வேண்டுமானால் பேஸ் வாசிப்பவரின் ஒலி தெளிவாக இருந்தாக வேண்டும்.

இந்தக் கேள்விக்கு விடை, நாம் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் இயற்பியலிலேயே இருக்கிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த கதை

ஆள் உயர 'டபுள் பேஸ்' வாத்தியத்தைச் சுமந்து திரிந்த மேலைநாட்டுக் கலைஞர்களுக்கு மின்சார பேஸ் கிட்டார் பெரிய விடுதலையாக அமைந்தது. 1930களிலேயே அமெரிக்காவின் சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் அத்தகைய கருவியைச் செய்து விற்றார். ஆனால் அது பரவவில்லை. 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' உலகெங்கும் பரவியது. வியப்பு என்னவென்றால், ஃபெண்டர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். மின்சுற்று அறிந்த ஒருவர் இசையின் போக்கையே மாற்றினார் என்பது அறிவியல் மாணவர்களாகிய நமக்குப் பெருமை தரும் செய்தி அல்லவா?

தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டாரை வெறும் தாளத் துணையாக நிறுத்தாமல், தனக்கென ஓர் இசைவரி உடைய குரலாகவே நடத்தியவர் இளையராஜா. அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரஹ்மானின் பல பாடல்களில் ஒலிப்பது சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸின் பேஸ். 1980இல் வந்த 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாடலை ஹெட்போனில் போட்டு, குரலை விட்டுவிட்டு, கிட்டாருக்குக் கீழே நடக்கும் பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். நான் சொல்ல வருவது புரிந்துவிடும்.

கம்பியின் கணக்கு

பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கு கம்பிகள். அவற்றின் பெயர் ஈ, ஏ, டி, ஜி. அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் தடித்த கம்பியே 82.4 ஹெர்ட்ஸ்தான், அதில் சரிபாதி பேஸின் ஈ கம்பி.

சுரமானியில் நாம் கண்ட விதி என்ன? கம்பியின் அதிர்வெண் அதன் நீளத்திற்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறையினுடைய வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். பேஸில் நான்கு கம்பிகளுக்கும் நீளம் ஒன்றே. பெரும்பாலான கருவிகளில் 34 அங்குலம். இழுவிசையையும் ஏறத்தாழ ஒரே அளவில் வைக்கிறார்கள். மிஞ்சுவது நிறை ஒன்றுதான். ஒரே பொருளாலான கம்பியில் நிறை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதிர்வெண், விட்டத்திற்கு எதிர்விகிதத்தில் அமைய வேண்டும்.

சரிபார்ப்போம். கடையில் மிகுதியாக விற்கும் கம்பித் தொகுதியில் ஜி கம்பியின் விட்டம் 0.045 அங்குலம்; ஈ கம்பியின் விட்டம் 0.105 அங்குலம். விகிதம் 2.33. அதிர்வெண்களின் விகிதமோ 98-ஐ 41.2ஆல் வகுக்க 2.38. ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு நெருக்கமான விடை வந்தால் நாம் எவ்வளவு மகிழ்வோம்!

நிறை கூடினால் சுருதி இறங்கும் என்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதும் இதே விதியின்படிதான்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

புதிதோ பழையதோ, நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கழுத்துப் பலகையை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் நோக்குங்கள். முறுக்கு இருந்தால் அக்கருவி வேண்டாம். நான்கு கம்பிகளையும் ஒவ்வொரு கட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள். 'ஜிர்ர்' என்ற சத்தமோ, செத்த ஒலியோ எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வந்தால் அது சிறிய பழுது. விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

கம்பியின் கீழே உள்ள 'பிக்கப்' என்பது காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்தது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவே. 9 வோல்ட் பேட்டரியுடன் உள்ளேயே சிறு பெருக்கி உள்ள கருவி 'ஆக்டிவ்' எனப்படும்; இல்லாதது 'பேஸிவ்'. முதல் கருவிக்கு பேஸிவ் போதும். நடுப்பாட்டில் பேட்டரி தீர்ந்துபோகும் கவலை இல்லை.

செப்பம் செய்தல்

விலை குறைந்த கருவியைச் செப்பம் செய்து வாசித்தால், செப்பம் இல்லாத விலை உயர்ந்த கருவியைவிட நன்றாகவே ஒலிக்கும். பணம் அதிகம் கேட்காத வேலை இது, பொறுமையைத்தான் கேட்கும். சுருதி சேர்த்தபின் மூன்று காரியங்களை வரிசையாகச் செய்ய வேண்டும்.

முதலாவது, கழுத்தின் வளைவு. கம்பியை முதற் கட்டிலும் கடைசிக் கட்டிலும் ஒருசேர அழுத்தினால், நடுவில் ஏழாம் எட்டாம் கட்டின்மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர், இடைவெளி வேண்டும். கழுத்தின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை இறுக்கினால் இடைவெளி குறையும், தளர்த்தினால் கூடும். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் கிடக்கும் அதே ஆலன் கீதான் பெரும்பாலும் இதற்கும் சாவி. ஆனால் லாரிக்குத் திருகுவது போலத் திருகக் கூடாது. ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மரம் பருவத்திற்கேற்ப அசையும். சித்திரை வெயிலில் ஒருமுறையும் ஐப்பசி மழையில் ஒருமுறையும் சரிபார்ப்பது நல்லது.

இரண்டாவது, கம்பியின் உயரம். பன்னிரண்டாம் கட்டில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்கும் வலியில்லை. கட்டில் உரசவும் செய்யாது.

மூன்றாவது, சுருதி சுத்தம். பன்னிரண்டாம் கட்டின் நேர்மேலே விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் ஒரு மேற்சுரம் கேட்கும். அதே கட்டில் அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் வர வேண்டும். அழுத்தியது உயர்ந்து ஒலித்தால் கம்பியின் நீளம் போதவில்லை என்று பொருள். பாலத்தில் அக்கம்பியின் தாங்கியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தாழ்ந்து ஒலித்தால் முன்னுக்கு. இதுவும் சுரமானிப் பாடமே.

வாசித்து முடித்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் கம்பி நெடுநாள் உழைக்கும்.

ஒலி செல்லும் வழி

பேஸிவ் பிக்கப்பிலிருந்து வரும் மின்குறிப்பு மெலிந்தது. அதன் மின்மறுப்பு அதிகம். அதை வாங்கும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு ஏறத்தாழ 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம், இருப்பது நலம். மிக்ஸரின் சாதாரண உள்ளீட்டில் நேரே செருகினால் குறிப்பு சோர்ந்து, கம்பளிக்குள் இருந்து பேசுவது போல் ஒலிக்கும். இதற்குத்தான் டி.ஐ. பாக்ஸ் என்னும் சிறு பெட்டி. அது கிட்டாருக்கு அதிக மின்மறுப்பைக் காட்டி, மிக்ஸருக்குக் குறைந்த மின்மறுப்பில் குறிப்பை அனுப்புகிறது; நீண்ட கேபிளில் இரைச்சல் சேராமலும் காக்கிறது. கோயில் மைதானத்தில் வாசிப்பவர் பெரிய ஆம்புக்கு முன் இதை வாங்குவதே அறிவுடைமை. பெரும் ஒலியை மைதானத்து ஒலிபெருக்கிகள் கொடுக்கும். மேடையில் நமக்குக் கேட்டால் போதும்.

வீட்டுப் பயிற்சிக்கு 20 வாட் ஆம்ப் தாராளம். டிரம்ஸுடன் ஆம்பை மட்டும் நம்பி வாசிப்பதானால் 200, 300 வாட் தேவைப்படும். ஏன் இவ்வளவு? நம் செவி தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது. மேலும், ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் திறன் பத்து மடங்கு வேண்டும். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல். அதை எழுப்பப் பெரிய காகிதக் கூம்பு நிறையக் காற்றைத் தள்ளியாக வேண்டும். மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரால் அது முடியாது. ஆனாலும் குழாயில் கேட்கும் பாட்டில் பேஸ் ஓரளவு இருப்பதாகத் தோன்றுகிறதே என்பீர்கள். மேற்சுரங்களை மட்டும் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தை நம் மூளை தானே நிரப்பிக்கொள்கிறது!

எர்த் என்னும் உயிர்க்காப்பு

இப்பகுதியை மட்டுமாவது அனைவரும் படிக்க வேண்டுகிறேன். கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் எர்த்துடன் இணைந்தவை. வாசிப்பவரின் விரல் கம்பியில், உதடு மைக்கில். இரண்டில் ஒன்றின் எர்த் பழுதானாலும் மின்னோட்டம் அவர் உடல் வழியாகவே செல்லும். 1972இல் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்னும் கிட்டார் கலைஞர் மேடையிலேயே இப்படி மாண்டார். சரியாக எர்த் செய்யப்படாத மைக்கை அவர் தொட்டதே காரணம்.

'உம்ம்' என்ற இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் வழக்கம் சில மேடைகளில் உண்டு. அது கூடவே கூடாது. இரைச்சலை நீக்க டி.ஐ. பாக்ஸிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது குறிப்புக் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும். உயிர்காக்கும் எர்த்தைத் தொடாது. ஜெனரேட்டரில் ஓடும் மேடையானால், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் பொருத்தப்பட்டுள்ளதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

பெடல்கள்

காலால் மிதித்து இயக்கும் இச்சிறு பெட்டிகள் ஒலியின் தன்மையை மாற்றுபவை. கடைக் கண்ணாடியில் முதலில் நம்மை அழைப்பவை இவைதான். வாங்க வேண்டியவையோ கடைசியில்.

டியூனர் முதலில் வர வேண்டும். சுருதி காட்டுவதுடன், மிதித்தால் ஒலியையும் அடக்கும். அடுத்தது கம்ப்ரஸர். ஓங்கிய ஒலியைத் தணித்து, அதன்பின் மொத்த அளவை உயர்த்துவதால் சுரங்கள் சமமாக நிற்கும். ஆக்டேவ் பெடல் அதிர்வெண்ணைப் பாதியாக்கிச் சேர்க்கும். ஈ கம்பியில் இதை மிதித்தால் 20.6 ஹெர்ட்ஸ், செவியின் எல்லையே 20 ஹெர்ட்ஸ் அல்லவா? ஆகவே மேல் கம்பிகளில் மட்டும் பயன்படுத்துவது நன்று. ஓவர்டிரைவ் அலையின் முகட்டை வெட்டி மேற்சுரங்களைப் பெருக்கும். அப்போது அடி ஒலி மெலியும். எனவே இயல்பான ஒலியையும் கலந்து தரும் குமிழ் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். கோரஸ் சற்றே தாமதித்த ஒலியை அலைத்துச் சேர்க்கும். மெல்லப் போகும் பாட்டுக்கு அழகு. இங்கு சொன்ன வரிசையிலேயே இணைத்து, முடிவில் டி.ஐ. பாக்ஸை வைப்பது பொதுவான முறை.

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் நேர்மின்னோட்டம். பிளக்கின் நடுமுனை எதிர்மின். முனை மாறினால் பெடல் பழுதாகலாம். எல்லாப் பெடல்களின் மில்லி ஆம்பியர்களையும் கூட்டி, அதற்கு மேல் தரக்கூடிய அடாப்டர் வாங்க வேண்டும்.

நிறைவாக

நண்பர்களே, ஒலி விரலில் தொடங்கிக் கம்பி, பிக்கப், கேபிள், டி.ஐ. பாக்ஸ், ஒலிபெருக்கி என்று ஒரு வாய்க்கால் போல ஓடுகிறது. தலைமதகில் அடைப்பை வைத்துக்கொண்டு கடைமடைக்கு அலங்காரம் செய்வதால் பயன் இல்லை. நேரான கழுத்துடைய கருவி, நல்ல கம்பி, செப்பம், உறுதியான கேபிள், டியூனர், டி.ஐ. பாக்ஸ், இவற்றுக்குப் பிறகே மற்றப் பெடல்கள். இந்த வரிசையில் செலவிட்டால் கூலிப் பணத்தில் ஒரு ரூபாயும் வீணாகாது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே இக்கருவிகள் உரியவை என்று பலர் எண்ணுகின்றனர். சுரமானியின் விதி வீட்டு வாசலைப் பார்த்து மாறுவதில்லை. விதியை அறிந்தவர் கையில் எளிய கருவியும் அஸ்திவாரமாக நிற்கும். கீபோர்டின் இடக்கைக்கு அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலையும் வராது.