ஃபோர்ட் லாராமி: பனியில் தேறிய ஸ்ட்ராபெர்ரி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள ஷையன் நகரருகே இயங்கிய அரசு ஆய்வுப் பண்ணை 1973இல் வெளியிட்ட ரகம் இது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் காய்க்கும்.

குளிர் தாங்கும் புது ரகம் உருவாக்க, ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் தடவி இனக்கலப்பு செய்வார்கள். அப்படிக் கிடைத்த விதையில் முளைக்கும் நாற்று ஒவ்வொன்றும் ஒரு விதம். குளிர்காலம் கழிந்ததும் வேருக்கு மேலுள்ள குட்டைத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பார்கள்: வெளிறியிருந்தால் நலம், பழுப்பேறியிருந்தால் குளிர் தாக்கியிருக்கிறது.

தேறிய செடி ஓடுதண்டுகளால் குணம் மாறாமல் பெருகும். அது புது ரகம்தானா என்றறிய, பழைய ரகங்களைப் பக்கத்தில் நட்டு, இலை விளிம்பின் பற்கள், காம்பின் மயிர், பழ வடிவம், பூக்கும் பருவம் ஆகியவற்றை ஒப்பிடுவார்கள்.