பிராங்க்ளினின் கறுப்புப் புள்ளிகள்

"நாளைக் காலை முதல் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன்!"

இந்தச் சபதத்தைச் செய்யாதவர்கள் நம்மில் யார்? தை முதல் தேதி செய்கிறோம். பிறந்த நாளன்று செய்கிறோம். டாக்டர் நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும்போது மிகவும் உருக்கமாகவே செய்கிறோம். தினம் நடக்கப் போகிறோம், காப்பிக்குச் சர்க்கரையைக் குறைக்கப் போகிறோம், வீட்டில் எரிந்து விழமாட்டோம், ஆபீசுக்கு நேரத்தில் போய்விடுவோம். எல்லாம் ஒரே நாளில்! மூன்று நாள் நடக்கிறது. நாலாம் நாள் மழை பெய்கிறது. அதோடு சரி.

பிறகு, நமக்கு மன உறுதி போதவில்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோம். ஆனால் மன உறுதிக்குக் குறைவே இல்லாத ஒரு மனிதரும் இதே காரியத்தில் இறங்கினார், இதே மாதிரி தோற்றார். நொந்துகொள்ளாமல், ஒரு கணக்குப் பிள்ளையைப் போல உட்கார்ந்து, எங்கே இடிக்கிறது என்று பார்த்தார். அவர்தான் பெஞ்சமின் பிராங்க்ளின். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர், 1776-ல் அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவருடைய விஞ்ஞானமும் ராஜதந்திரமும் இன்று நமக்கு வேண்டாம். அவர் எப்போதும் கையோடு வைத்திருந்த ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும்.

மிளகுக் கஞ்சி

பிராங்க்ளின் 1706-ல் பாஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் மெழுகுவர்த்தி செய்து விற்பவர். வீட்டில் மொத்தம் 17 குழந்தைகள், இவர் 15-வது. பள்ளிக்கூடப் படிப்பு இரண்டு வருஷத்தோடு முடிந்தது. 12 வயதில் அண்ணனுடைய அச்சுக்கூடத்தில் வேலை பழகப் போனார். 17 வயதில் அங்கிருந்து ஓடிப்போய் பிலடெல்பியா சேர்ந்தார். அடுத்த வருஷக் கடைசியில் கப்பலேறி லண்டனுக்குப் போய், அங்கும் அச்சுக்கூடத்திலேயே வேலைக்கு அமர்ந்தார்.

லண்டன் அச்சுக்கூடத்தில் கிட்டத்தட்ட ஐம்பது பேர் வேலை செய்தார்கள். எல்லோரும் மொடாக் குடியர்கள். பக்கத்தில் நின்று அச்சடித்த தொழிலாளி ஒரு நாளைக்கு ஆறு பைண்ட் பீர் குடிப்பாராம். ஒரு பைண்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்று அதிகம். காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று என்று ஆரம்பித்து, வேலை முடியும்போது ஆறாவது. பலமான வேலை செய்யப் பலமான பீர் வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

பிராங்க்ளின் தண்ணீர் மட்டும் குடித்தார். அதைச் சொல்லி எல்லோரும் பரிகாசம் செய்தார்கள். ஆனால் ஈய எழுத்துக்களைக் கோத்த பெரிய பாரத்தை மற்றவர்கள் இரண்டு கையாலும் ஒன்றாகத் தூக்கி மாடிப்படி ஏற, இந்தப் பையன் கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு ஏறினான்! பீரில் உள்ள சக்தி அதில் கரைந்திருக்கும் பார்லியின் அளவுதானே, அதைவிட அதிக மாவு ஒரு காலணா ரொட்டியில் இருக்கிறதே என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பக்கத்து ஆள் தலையை ஆட்டினார், பீரை விடவில்லை. சனிக்கிழமைதோறும் அவர் கூலியில் நாலைந்து ஷில்லிங் பீர்க் கடனுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வாதம் செய்து ஒருவரையும் திருத்த முடியவில்லை. பிறகு பிராங்க்ளின் என்ன செய்தார்? பக்கத்து வீட்டில் சொல்லி, வெண்ணெயும் மிளகும் ரொட்டித் தூளும் போட்ட சூடான கஞ்சி ஒரு கிண்ணம் தருவித்துச் சாப்பிட்டார். விலை ஒரு பைண்ட் பீர் விலைதான். வயிறும் நிறைந்தது, தலையும் தெளிவாக இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு பலர் காலை பீரை விட்டுவிட்டுக் கஞ்சிக்கு மாறினார்கள். விடு விடு என்று சொன்னபோது விடாதவர்கள், அந்த இடத்தில் வேறொன்று கிடைத்ததும் விட்டார்கள்.

ஏழு கட்டம், பதின்மூன்று வரி

பிலடெல்பியாவுக்குத் திரும்பிய பிறகு, இருபது வயதைத் தாண்டிய சில வருஷங்களில், ஒரு குறையும் இல்லாத மனிதனாக ஆகிவிடுவது என்று பிராங்க்ளின் தீர்மானித்தார். இளமைத் துணிச்சல்! ஒரு தவறு வராமல் காவல் காத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று கொல்லைப்புற வழியாக நுழைந்துவிட்டது. அப்போதுதான் அவருக்குப் புத்தியில் பட்டது. எல்லாக் களையையும் ஒரே சமயத்தில் பிடுங்கப் போனால் ஒன்றும் வேரோடு வராது. தோட்டக்காரன் பாத்தி பாத்தியாகத்தானே போகிறான்?

பதின்மூன்று குணங்களை எழுதிக்கொண்டார். உணவிலும் பானத்திலும் மிதம், அளவான பேச்சு, ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, கபடமின்மை, நியாயம், நிதானம், சுத்தம், மன அமைதி, இந்திரிய அடக்கம், பணிவு. வயிற்றுக்கு முதலிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. வயிறு அடங்கினால்தான் தலை தெளிவாக இருக்கும், தலை தெளிவாக இருந்தால்தான் மற்றவற்றைக் காவல் காக்க முடியும் என்பது அவர் கருத்து. கடைசியில் உள்ள பணிவு முதல் பட்டியலில் இல்லவே இல்லை. உமக்கு அகம்பாவம் அதிகம் என்று ஒரு நண்பர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு சேர்த்துக்கொண்டது.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஏழு கட்டம், வாரத்தின் ஏழு நாளுக்கு. குறுக்கே பதின்மூன்று வரி. ஒவ்வொரு இரவும் அன்றைய தவறுகளுக்கு அந்தந்த வரியில் ஒரு கறுப்புப் புள்ளி. நல்ல காரியத்துக்கு மார்க் எதுவும் கிடையாது. ஒரு வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் கண்ணும் கருத்தும். அந்த வரியில் புள்ளியே விழக் கூடாது. மற்றவை எப்போதும் போல நடக்கட்டும். அடுத்த வாரம் அடுத்த குணம். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்தில் நாலு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையாகிவிட்டதால், பிறகு தந்தத் தகடுகளில் கோடு போட்டுக்கொண்டு, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத் துடைத்து எழுதினார்.

நேர அட்டவணை ஒன்றும் போட்டார். காலை ஐந்துக்கு எழுவது. எட்டு முதல் பன்னிரண்டு, இரண்டு முதல் ஆறு, ஆக எட்டு மணி நேரம் வேலை. இரவு பத்திலிருந்து ஐந்து வரை ஏழு மணி நேரத் தூக்கம். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்றுதான் இன்றைய வைத்தியர்களும் சொல்கிறார்கள். நடுவில், மாலை ஆறு முதல் பத்து வரை? எடுத்த சாமான்களை இடத்தில் வைப்பது, சாப்பாடு, சங்கீதம், பேச்சு, பொழுதுபோக்கு. கட்டுப்பாடு என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாழ்வது என்று நினைப்பவர்கள் இந்த நாலு மணி நேரத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு குணத்துக்கு ஒரு வாரம் போதுமா? போதாது என்றுதான் தோன்றுகிறது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் சாப்பாடு, பானம், தேகப்பயிற்சி ஆகியவற்றில் ஒரே ஒரு பழக்கத்தை, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்து வந்தார்கள். உதாரணமாக, காலைச் சாப்பாடு முடிந்தவுடன். அது தானாகவே நடக்கும் பழக்கமாகப் படிவதற்கு நடுத்தரமாக 66 நாள் பிடித்ததாம். சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. இதில் எனக்கு மிகவும் ஆறுதலான செய்தி வேறு. நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால் காரியம் கெட்டுவிடுவதில்லை. ஆகவே நாலாம் நாள் மழை பெய்தால் பெய்யட்டும். ஐந்தாம் நாள் நடக்கலாம்.

புள்ளி போட்ட கோடரி

பிராங்க்ளினை மிகவும் படுத்திவைத்தது மூன்றாவது வரி, ஒழுங்கு. சாமானை இடத்தில் வைப்பது, வேலையை நேரத்தில் முடிப்பது. ஞாபக சக்தி அபாரமாக இருந்ததால் இளமையில் அது இல்லாமலே காலம் தள்ளிவிட்டார். அந்த வரியில் புள்ளி குறையவே இல்லை. பிற்காலத்தில் பாரிஸில் அவரோடு வேலை பார்த்த ஜான் ஆடம்ஸ், இவர் பொழுதெல்லாம் வருகிறவர் போகிறவரோடு கழிகிறது, காரியம் பேசப் பிடிக்க முடியவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

இதற்கு பிராங்க்ளின் ஒரு கதை சொல்கிறார். ஒருவன் கொல்லனிடம் கோடரி வாங்கினான். முனை பளபளப்பது போல முழுக் கோடரியும் பளபளக்க வேண்டும் என்றான். நீ சாணைச் சக்கரத்தைச் சுற்று, நான் தீட்டித் தருகிறேன் என்றான் கொல்லன். கொல்லன் அழுத்திப் பிடிக்கப் பிடிக்கச் சக்கரம் கனத்தது. ஆசாமி நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தான். கடைசியில், இப்படிப் புள்ளி புள்ளியாக இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கோடரியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்! நானும் அந்த ஆசாமிதான் என்று ஒப்புக்கொள்கிறார் பிராங்க்ளின்.

முதல் வரியாவது கடைசி வரை நின்றதா? அதுவும் முழுக்க நிற்கவில்லை. 74 வயதில், கீல்வாயு என்னும் கௌட் நோய் அவர் காலைப் பிடித்தது. வலியோடு வலியாக, தமக்கும் நோய்க்கும் நடக்கும் சம்பாஷணையாக ஒரு வேடிக்கைக் கட்டுரை எழுதினார். அதில் நோய் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அளவுக்கு மேல் சாப்பிடுகிறாய், சாப்பிட்டதும் மணிக்கணக்காகச் சதுரங்கம் ஆடுகிறாய், நடக்க வேண்டிய இடத்துக்கு வண்டியில் போகிறாய் என்று அடுக்குகிறது. பீரைத் தொடாமல் மாடிப்படி ஏறிய பையனா இவர் என்று நமக்கே வருத்தமாக இருக்கிறது.

வெள்ளிக் கரண்டி

இனி வீட்டுக்கு வருவோம். 1730-ல் டெபோரா என்ற பெண்ணோடு அவர் குடும்பம் நடத்தத் தொடங்கினார். அந்த அம்மாள் கடையைக் கவனித்தாள். புத்தகங்களை மடித்துத் தைத்தாள். காகிதம் செய்பவர்களுக்காகக் கந்தல் துணி வாங்கிச் சேர்த்தாள். காலையில் பிராங்க்ளினுக்கு ரொட்டியும் பாலும். மலிவான மண் கிண்ணம், ஈயக் கரண்டி. ஒரு நாள் பார்த்தால் சீனப் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் வந்திருக்கின்றன! விலை 23 ஷில்லிங். சிக்கனத்துக்கு ஒரு வரி போட்டு வைத்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? அக்கம்பக்கத்துப் புருஷர்களுக்கு இருக்கும்போது என் புருஷருக்கு மட்டும் என்ன குறைச்சல் என்றாளாம் அவள். இதை அவர் பெருமையும் வாஞ்சையுமாக எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்த வீட்டின் கதை முழுவதும் இப்படி இனிக்கவில்லை. 1736-ல் நாலு வயது மகன் பிரான்சிஸ் அம்மை கண்டு இறந்தான். அந்தக் காலத்து அம்மைத் தடுப்பு முறையைக் குழந்தைக்குச் செய்யாமல் போய்விட்டதே என்று தகப்பனார் ஆயுள் முழுவதும் வருந்தினார். மற்றப் பெற்றோர்கள் அந்தத் தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே அதைத் தம் சரித்திரத்தில் எழுதி வைத்தார்.

1757-ல் பொதுக் காரியமாக லண்டன் போனார். 1762-ல் திரும்பினார். இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, 1764-ல் மறுபடியும் கப்பலேறினார். டெபோராவுக்குக் கடல் என்றால் பயம், உடன் போகவில்லை. பிலடெல்பியாவில் அப்போது புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதை முடித்துக் குடிபுகுந்தது அவள்தான். 1767-ல் மகள் கல்யாணம் நடந்தது, தகப்பனார் லண்டனில். அதற்குப் பிறகு டெபோராவுக்குப் பக்கவாதம் வந்தது. விரைவில் வருகிறேன் என்று கடிதம் வந்துகொண்டிருந்தது, அவர் வரவில்லை. 1774 டிசம்பரில் அவள் இறந்தாள். 1775 மே மாதம் அவர் ஊர் திரும்பி அந்தப் புது வீட்டுக்குள் நுழைந்தபோது, வரவேற்க அவள் இல்லை.

அவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பதின்மூன்று வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடை, கணக்கு, பேச்சு, வயிறு, சட்டை எல்லாவற்றுக்கும் வரி இருக்கிறது. காத்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்று ஒரு வரி இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, என் நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நானும் கட்டம் போட்டேன். முதல் வாரம் வயிறு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்புதான் ஆகும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அதாவது ஒரு தேக்கரண்டிகூட முழுசாக இல்லை. மோர் சாதத்துக்கு ஊறுகாயும் அப்பளமும் தொட்டுக்கொண்ட நாளெல்லாம் புள்ளி. ஏழு நாளில் ஐந்து புள்ளி! இரண்டாவது சுற்றில் மூன்றாகக் குறைந்தது. நோட்டை ரகசியமாகத்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் மேஜை மேல் மறந்து வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரி எடுத்துப் பார்த்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பதின்மூணு போதாதுங்க. பதினாலாவதா ஒண்ணு நான் எழுதித் தரட்டுமா?" என்றாள்.

எழுதினாள். "ராத்திரி எட்டரைக்கு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது. கையில் செல்போன் இல்லாமல்."

சென்ற வாரம் அந்த வரியில் நாலு புள்ளி. ஒன்றுகூட நான் வைத்தது அல்ல. நான் மறந்தே போயிருந்த இரண்டு நாளையும் சேர்த்து அவளே வைத்திருக்கிறாள்.